பிரியதர்ஷினி பேரில் இருந்த வண்டி

மாசி வெயிலில் பாத்திகளில் உப்பு பூக்கத் தொடங்கியிருந்த நேரம். பள்ளிக்கூடத்திலிருந்து அம்மாவோடு காரில் வந்து இறங்கிய தமிழ்நிலா, ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலில் நின்றாள்.

"இன்னொன்னு எங்கடி?" என்று கேட்டாள் அத்தை அருள்மொழி.

"ரோட்டுல உழுந்துடுச்சு."

"கதவத் தொறந்தியா?"

"இல்ல அத்த. கீழ உழுந்துடுச்சு. வண்டிக்குள்ள, கால் வெக்கிற எடத்துல."

அம்மா பிரியதர்ஷினி பின்கதவைத் திறந்து கால்மிதியைத் தூக்கினாள். மிதிக்கு அடியில் தகடு இல்லை. பிள்ளையின் பாதம் போகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியே வாசல் மண்ணும், மண்ணில் கிடந்த வேப்பம் சருகும் தெரிந்தன. ஓட்டையைச் சுற்றித் துரு அப்பளம் அப்பளமாக எழும்பியிருந்தது. விரலால் தொட்டதும் இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. மிதியை மறுபடி இழுத்து மூடினாள்.

"அண்ணி, அவருகிட்ட நானே சொல்றேன். நீங்க சொல்லாதீங்க."

"நான் சொல்லல. உன் பொண்ணு சொல்லாம இருப்பாளா?" என்றாள் அருள்மொழி.

கௌதம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தமிழ்நிலா அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவன் அப்படியே போய்க் காரின் பின்பக்கம் மண்டியிட்டு, ஓட்டைக்குள் கையை விட்டான். முழங்கை வரை போனது. உள்ளங்கையில் மண்ணோடு எழுந்து வந்தான்.

"புள்ள கால் போயிருந்தா?" என்று கேட்டான்.

இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். "இல்ல, கேக்குறேன். கால் போயிருந்தா?"

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், உப்பளத்தை ஒட்டி இருக்கிறது அவர்கள் ஊர். கிழக்கே கடல், மேற்கே பாத்திகள். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் உப்புதான். வாசல் கிரில், சன்னல் கம்பி, சைக்கிள் செயின் எதுவும் அங்கே முழு ஆயுசு இருப்பதில்லை. உப்பு ஏற்றிப் போகிற லாரிகள் வழியெல்லாம் சொட்டவிட்டுப் போகும் தண்ணீரில்தான் அந்தக் கார் தினமும் போய் வந்தது.

கல்யாணத்துக்குப் பிரியதர்ஷினியின் அப்பா இருசப்பன் வாங்கிக் கொடுத்த வண்டி அது. முதலில் கௌதம்தான் ஓட்டினான். சேதராப்பட்டு பக்கம் கம்பெனியில் வேலை கிடைத்து, கம்பெனி பஸ்ஸே வந்து ஏற்றிப்போக ஆரம்பித்ததும் வண்டி வீட்டில் நின்றது. நிற்கிற வண்டிதானே என்று உப்பளத்து மண் ரோட்டில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். லைசென்ஸ் வாங்கியதும் அவள் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஏழு மணிக்கு அங்கே வெள்ளைக்காரர்களுக்கு டிபன் தயாராக இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர அவர்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. சென்னை பஸ்கள் கை காட்டினால் நிற்காமல் போய்விடும். கார் இருந்ததால் வேலை நிலைத்தது. இப்போது அந்தச் சமையலறையில் நான்கு பெண்கள் அவள் சொல்படி வேலை செய்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வண்டியைக் கூனிமேடு நிஜாமுதீன் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். பாய் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் இரும்புச் சத்தம் வந்தது. சில இடத்தில் அட்டையைத் தட்டுகிற சத்தம். ஓரிடத்தில் சத்தமே இல்லை. பிடி உள்ளே போய்விட்டது.

வெளியே வந்து கையைத் துடைத்தார். "என்ஜின் தங்கங்க. அதுக்கு ஒண்ணும் இல்ல. ஒடம்புதான் காலி. உப்புத் தண்ணி அடியில இருந்தே தின்னுகினு வந்திருக்குது."

"வெல்டிங் அடிச்சா சரியாயிடுமா பாய்?" என்று கேட்டாள் பிரியதர்ஷினி.

"தரைக்குத் தகடு வெச்சு அடிச்சிடலாம் தங்கச்சி. ஆனா தகடு புடிக்கிறதுக்கும் நல்ல இரும்பு வேணும்ல? ஓரமெல்லாம் தூளு. முன் சக்கரத்தப் புடிச்சிகினு இருக்குற எடமும் எனக்குப் புடிக்கல."

"ஓடுமா, ஓடாதா?"

"ஓடும். நீங்க மட்டும் மெதுவா போயி வர்றதுன்னா இந்த வெயில் காலம் ஓட்டிடலாம். மழைக்கு முன்ன குடுத்துடுங்க. புள்ளைய மட்டும் இதுல ஏத்தாதீங்க. சொல்லிட்டேன்."

கௌதம் காதில் 'குடுத்துடுங்க' விழுந்தது. அவள் காதில் 'ஓடும்' விழுந்தது. திரும்பி வருகிற வழியில் இரண்டு பேரும் தங்களுக்குக் கேட்டதையே நினைத்துக்கொண்டு வந்தார்கள்.

ராத்திரிச் சோற்றுக்கு நெத்திலிக் குழம்பும் முருங்கைக்கீரையும். அருள்மொழி பரிமாறினாள். கௌதமின் அக்கா அவள். புருஷன் இறந்தபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். உப்பைப் பாக்கெட் போடுகிற ஷெட்டில் வேலை.

"பாண்டி ஷோரூம்ல எக்ஸ்சேஞ்ச் போட்டிருக்கான்," என்றான் கௌதம். "பழசக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாம். லோன் என் சம்பளத்துல போட்டுக்கலாம்."

"புதுசு வந்தா நான் எதுல வேலைக்குப் போறது?"

"அதுலதான்."

"நான் ஓட்டிகினா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "மொதல்ல வரட்டும். அது பெரிய வண்டி. ஈசிஆர் ரோட்டுல எப்புடி வர்றானுங்கன்னு உனக்கே தெரியும். கொஞ்ச நாள் பஸ்ல போ. அப்புறம் பாக்கலாம்."

"அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸுங்க நம்ம ஊர்ல நிக்குது?"

"வேல போனா போகட்டும். வேற வேலையே இல்லையா?"

"டேய், அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லுடா," என்றாள் அருள்மொழி. "ஓட்டலாமா, கூடாதா?"

"அக்கா, நீ சும்மா இரு." தட்டைத் தள்ளி வைத்தான். "பிரியா, உங்கூட நான் சண்ட போடல. புள்ள கால் ரோட்டுல தேஞ்சிருக்கும். நெனச்சிப் பாத்தியா?"

அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். அந்த வாரம் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அவன் தள்ளி வைத்த தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது பாத்திக்குப் போகிற கரையில் வண்டியை நிறுத்தினாள். இருசப்பன் நீளக் கம்பு மாட்டிய பலகையால் பாத்தியின் உப்பை வாரி ஓரத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளையாக வெடித்திருந்தது. மகளைப் பார்த்ததும் கரையேறி வந்து, அவள் கொண்டுவந்த மோரை நின்றபடியே குடித்தார்.

"மாப்ள போன் பண்ணிச்சு," என்றார்.

"உன்கிட்டயும் சொல்லிட்டாரா?"

"நியாயந்தானேம்மா. புள்ளைய வெச்சிகினு போற வண்டி. ஓட்டையாப் போனத வெச்சிகினு என்னா பண்ணப்போற?"

"என் பேர்ல எதுக்குப்பா வாங்கிக் குடுத்த?"

"பொண்ணு பேர்ல இருந்தா பின்னாடி ஒரு பேச்சு வராதுன்னு வாங்குனேன். நீ ஓட்டுவன்னா நெனச்சேன்?" அவர் சிரித்தார். "மொத மொத நீ ஓட்டிகினு இந்தக் கரை மேல வர்றப்ப, பாத்தியில வுட்டுருவியோன்னு பயந்து போயிட்டேன்." சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்காக அத வெச்சிக்காத பாப்பா. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல."

"உனக்காக இல்லப்பா."

அவர் பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போனார்கள். கௌதம் பழைய வண்டியை ஓட்டினான்; தமிழ்நிலாவை அருள்மொழி பஸ்ஸில் கூட்டி வந்தாள். ஷோரூமில் குளிர் அதிகம். டை கட்டிய பையன் புது வண்டியின் கதவைத் திறந்து மூடிக் காட்டினான். தமிழ்நிலா உள்ளே ஏறி, காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்துப் பார்த்தாள். "கெட்டியா இருக்குதுப்பா!" என்று கத்தினாள். கௌதம் அவள் தலையைத் தடவினான்.

"சார், பழைய வண்டியோட ஆர்சி மேடம் பேர்ல இருக்குது. அவங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதச் சொல்லிட்டா மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

போன் அதிர்ந்தது. பிரியதர்ஷினி எண்களைப் பார்த்தாள். கௌதம் அவளைப் பார்த்தான்.

"இத நான் ஓட்டலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா மேடம். பவர் ஸ்டியரிங். லேடீஸுக்கு ரொம்ப ஈஸி," என்றான் பையன்.

"உங்களக் கேக்கலீங்க."

பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டான். கௌதமின் முகம் சிவந்தது. "வூட்டுல பேசிக்கலாம். நம்பரச் சொல்லு."

"ஓட்டலாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சொல்லிடறேன்."

"எடம் தெரிஞ்சு பேசு பிரியா."

அவள் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மேடம், டைம் அவுட் ஆயிடுச்சு. மறுபடி அனுப்பட்டுமா?"

"வேணாங்க."

கௌதம்தான் திரும்பவும் ஓட்டி வந்தான். வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை அவள் மடியில் வைத்தான். "உன் வண்டி. நீயே வெச்சிக்க. எம் புள்ள மட்டும் இதுல ஏறக்கூடாது."

"சரி," என்றாள்.

நிஜாமுதீன் தகடு வைத்து அடித்துக் கொடுத்தார். அவள் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். தமிழ்நிலா பள்ளிக்கூடம் போய்வர ஆட்டோ ஏற்பாடு செய்தார்கள். ஆட்டோ வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கார் கிளம்பிவிடும். ஆனாலும் பிள்ளை அம்மாவுக்காகத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து வாசலில் நிற்கும்.

"என்ன மட்டும் ஏன்மா ஏத்த மாட்ற?"

"வண்டி சரியில்ல கண்ணு."

"நீ மட்டும் போற."

"அம்மா பெரியவ."

"நான் செருப்பக் கழட்டிட்டு ஏர்றேம்மா. இனிமே தொலைக்க மாட்டேன்."

அன்று கீழ்புத்துப்பட்டு தாண்டும் வரை பிரியதர்ஷினிக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். சமையலறையில் முட்டையை உடைத்து ஊற்றும்போதும் அந்தக் குரல் காதிலேயே இருந்தது. பிள்ளைக்குத் தண்டனை கொடுக்கிறோமோ என்று தோன்றியது. சாயங்காலம் வந்ததும் வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லப்போனாள். கௌதம் டிவியில் கண்ணை வைத்துக்கொண்டு, "என்ன?" என்று கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தான். சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

பங்குனியில் ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. சறுக்குமரத்தில் விழுந்து தமிழ்நிலாவுக்கு மோவாயில் அடி. அவள் சமையலறையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். மரக்காணம் ஆஸ்பத்திரிக்கு டீச்சர் பிள்ளையைத் தூக்கி வந்திருந்தார். அருள்மொழியும் ஷெட்டிலிருந்து ஓடி வந்திருந்தாள். புருவமெல்லாம் உப்புத் தூள். நர்ஸ் காயத்தைச் சுத்தம் செய்து பஞ்சு வைத்துக் கட்டினாள்.

"உள்ள வரைக்கும் கிழிஞ்சிருக்கும்மா. பல்லும் ஆடுது. பாண்டிக்குக் கொண்டுபோயிடுங்க. ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸ ஏத்திகினு போயிருக்குது. வர நேரமாவும்."

அருள்மொழி வாசலுக்குப் போய் ஆட்டோ தேடினாள். ஒன்றும் இல்லை. பஞ்சு நனைந்து சிவந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்களும் மரத்தடியில் நின்ற காரைப் பார்த்தார்கள்.

"ஏறுங்க அண்ணி," என்றாள் பிரியதர்ஷினி.

அருள்மொழி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். "காலக் கீழ வெக்காதீங்க அண்ணி. மேல தூக்கி மடக்கிக்குங்க."

அருள்மொழி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தமிழ்நிலா அந்த வலியிலும் தன் பாதங்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கூனிமேடு வரை ஒன்றும் ஆகவில்லை. கூனிமேட்டு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியபோது வண்டிக்கு அடியில் 'மடக்'கென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து வலது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். விட்டால் மறுபடி இழுத்தது.

"என்னாடி சத்தம்?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

நிறுத்தியிருக்க வேண்டும். நிஜாமுதீன் ஒர்க் ஷாப் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பின்னால் பிள்ளை முனகினாள். அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது கியரில் ரோட்டின் ஓரமாகவே உருட்டிக்கொண்டு போனாள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டினான். தோள்பட்டை மரத்துப்போனது. கண்ணாடியில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயந்து, ரோட்டை மட்டும் பார்த்தாள்.

பாண்டி ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பல் தானாகவே இறுகிவிடும் என்றார் டாக்டர். கௌதம் கம்பெனியில் யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். பிள்ளை தூங்குவதைப் பார்த்தான். பிறகு வெளியே போனான். பிரியதர்ஷினியும் பின்னாலேயே போனாள்.

கார் நின்ற இடத்தில் முன்பக்க இடது சக்கரம் உள்ளே சாய்ந்திருந்தது. கால் மடங்கிய மாடு மாதிரி இருந்தது வண்டி. கௌதம் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்து நின்றாள். கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இதுலயா வந்தீங்க?" என்றான்.

"ஆமா."

"எங்க இருந்து இப்படி?"

"கூனிமேட்டுல இருந்து."

அவன் சக்கரத்தின் மேல் கையை வைத்தான். எடுக்கவில்லை.

"ஷோரூம்ல அந்த நம்பர அனுப்பச் சொல்லுங்க," என்றாள். "சொல்லிடறேன்."

"இப்ப என்ன அதுக்கு?"

"இப்பவே சொல்றேன். நீங்க சொன்னது சரி. ஒத்துக்குறேன். ஆனா வர்ற வண்டிய காலைல நான் எடுத்துகினு போவேன். தெனமும். அது உங்க பேர்ல இருந்தாலும்."

கௌதம் எழுந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சாய்ந்த சக்கரத்தைப் பார்த்தபடியே, "சரி," என்றான்.

பழைய வண்டி அங்கிருந்தே இன்னொரு வண்டியின் முதுகில் ஏறிப் போனது. எடுத்துப் போகும்போது அவள் உள்ளே பிள்ளைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை.

சித்திரையில் புது வண்டி வந்தது. சாம்பல் நிறம். அய்யனார் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கௌதம்தான் ஓட்டினான். இரண்டு நாள் லீவு போட்டு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தான். இருசப்பன் வேட்டியில் உப்பு ஒட்டியிருக்கிறது என்று ஏற மறுத்தார். அவன் சீட்டில் துண்டை விரித்து ஏற்றினான். தமிழ்நிலா சன்னலை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி விளையாடினாள். அந்த இரண்டு நாளும் வீட்டில் எல்லோரும் சிரித்துப் பேசினார்கள்.

மூன்றாம் நாள் காலை பிரியதர்ஷினி குளித்துக் கிளம்பி வெளியே வந்தாள். வண்டியின் முன்சீட்டில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில், கௌதம் உட்கார்ந்திருந்தான். மடியில் சாப்பாட்டுப் பை.

"உங்க பஸ்ஸு?"

"இன்னிக்கு உங்கூட வர்றேன். புது வண்டி. பழக்கமாகுற வரைக்கும்."

"எறங்குங்க."

"நான் பேசவே மாட்டேன். நீ ஓட்டு."

உள்ளிருந்து அருள்மொழி, "டேய், எறங்குடா! மானத்த வாங்காத!" என்று கத்தினாள். அவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

நின்று சண்டை போட நேரமில்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னுக்கு இழுத்தாள். கிளட்ச் பழையதை விட இளகலாக இருந்தது. இரண்டு தரம் வண்டி நின்றது. மூன்றாம் தரம் நகர்ந்தது.

சொன்னபடி அவன் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் வளைவு வந்தபோதெல்லாம், எதிரில் லாரி வந்தபோதெல்லாம், அவன் வலது கால் பிரேக்கை மிதிக்கிற மாதிரி தரையை அழுத்தியது. அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. ஒரு நாய் குறுக்கே ஓடியபோது அவள் பிரேக் போடுவதற்கு முன்னாலேயே அவன் கால் போட்டுவிட்டது. தனியாக ஓட்டும்போது பார்க்காமலே போடுகிற கியரை இப்போது குனிந்து பார்த்துப் போட்டாள்.

கூனிமேட்டில் டீக்கடைக்கு முன்னால் ஓரம் கட்டினாள்.

"உங்க கம்பெனி பஸ் இங்க நிக்கும். பின்னாடிதான் வந்துகினு இருக்குது."

"இன்னும் கொஞ்ச தூரந்தானே பிரியா."

"நீங்க எறங்குனாதான் எடுப்பேன்."

டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கௌதம் பெல்ட்டைக் கழற்றினான். இறங்கிக் கதவை மூடினான். பதமாக, சத்தம் வராமல். அவள் இண்டிகேட்டரைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்து ரோட்டில் ஏறினாள்.

கொஞ்ச தூரம் போவதற்குள் போன் அடித்தது. அவன்தான். எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. கீழ்புத்துப்பட்டு நெருங்கும்போது மூன்றாவது தரம் அடித்தது. வீட்டில் பிள்ளைக்கு ஏதாவதோ என்று ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டி எடுத்தாள்.

"என்னாங்க? பாப்பாவுக்கு ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இண்டிகேட்டரப் போட்டுட்டே போற. கெளம்புனப்பவே பாத்தேன். பின்னால வர்றவன் நீ திரும்பப் போறன்னு நெனச்சிக்குவான். ஆஃப் பண்ணு."

அவள் முன்னால் பார்த்தாள். பச்சை அம்பு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. டிக் டிக்கென்று வழி முழுக்க ஒரு சத்தம் கூடவே வந்திருந்தது. புது வண்டிக்கு அப்படி ஒரு சத்தம் உண்டு போல என்று நினைத்திருந்தாள்.

"பாத்தியா? எரியுதா?"

"எரியுது."

"சரி, பாத்துப் போ."

போனை வைத்தாள். இண்டிகேட்டரை அணைத்தாள். அவன் சொன்னது இந்தத் தரமும் சரிதான். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் லாரிகள் கடந்து போவதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். குயிலாப்பாளையத்தில் அடுப்புப் பற்றவைத்திருப்பார்கள். நேரமாகிவிட்டது. மறுபடி ரோட்டில் ஏற அதே இண்டிகேட்டரைத்தான் போட வேண்டியிருந்தது.